வெள்ளிக்கிழமை அத்தா

என் தங்கை சுரையாவின் கணவன் அஷ்ரப்புக்கு ஷார்ஜாவில் ஷட்டரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையால் பெட்டி அடிக்கிற தச்சு வேலைக்கு அதுதான் பெயர். தூணுக்கு ஒரு பெட்டி, உத்திரத்துக்கு ஒரு பெட்டி. கான்கிரீட் இறுகியதும் பெட்டியைத் தட்டிப் பிரித்து ஓரமாக எறிந்துவிடுவார்கள். அந்த ஊரில் நிற்கிற கட்டடங்களில் பாதி தன் கை பட்டது என்பான். ஆனால் இதை நான் செய்தேன் என்று காட்ட ஒரு முக்காலிகூடக் கிடையாது என்றும் சொல்வான். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். தங்கை புருஷன் ஆன பிறகும் எனக்கு அவன் ‘அவன்’தான். மரியாதை கொடுத்துப் பழகவில்லை.

மகள் ஃபர்ஹானா தவழ்ந்துகொண்டிருந்தபோது விமானம் ஏறியவன். லீவு கேட்கும்போதெல்லாம் கம்பெனிக்காரன் அடுத்த கட்டடத்தைக் காட்டினான். அதனால் அந்தப் பிள்ளைக்கு அத்தா என்றால் என் கடை போன்தான். மரக்காணம் கடைத்தெரு முடிந்து உப்பளத்துக்குப் பிரிகிற இடத்தில் என் மளிகைக் கடை, அதன் பின்கட்டில் தங்கை வீடு. வெள்ளிக்கிழமை அங்கே அவனுக்கு விடுமுறை. நான் பிற்பகல் அசர் தொழுகை முடித்து வந்து கல்லாவில் உட்காரும் நேரத்துக்கு மணி அடிக்கும். அதற்கு முன்பே ஃபர்ஹானா பிஸ்கட் டின்மேல் ஏறி நின்றிருப்பாள். முட்டி சிராய்த்தது, பூனை குட்டி போட்டது, டீச்சர் காதைத் திருகியது எல்லாம் அத்தாவுக்குப் போகும். சர்க்கரை வாங்க வந்தவர்கள் பொட்டலத்தைக் கையில் வாங்கிய பிறகும் நகராமல் நின்று கேட்பார்கள். அவள் பேசி முடிக்காமல் சுரையாவுக்கே ரிசீவர் கிடைக்காது.

2004 டிசம்பரில் கடல் வந்த அன்று, டிவியில் பார்த்துவிட்டு நாள் முழுக்க போன் அடித்திருக்கிறான். லைன் கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்தபோது எடுத்தவள் ஃபர்ஹானா. கடல் பக்கத்து ஊர் அனுமந்தைக்கு வந்ததாம், எங்கள் தெருவுக்கு வரவில்லை என்று ஏதோ விருந்தாளி வராமல் போனதுபோல் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் அழுதது எனக்கே கேட்டது. அன்றைக்கு முடிவு செய்தான், வேலை போனாலும் சரி, ஊருக்கு வந்து மகளைத் தூக்கிவிட வேண்டும் என்று.

சொன்னபடி அடுத்த மழைக்காலத்தில் வந்து இறங்கினான். போனபோது இல்லாத தாடி. ஃபர்ஹானா ஒரு பார்வை பார்த்தாள், சுரையாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவன் கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொண்டாள், வாய் திறக்கவில்லை. தூக்கப் போனால் உடம்பைக் கட்டைபோல் விறைத்துக்கொண்டாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்றேன். கடைக்காரன் வாய் அப்படித்தான், எதைக் கேட்டாலும் நாளைக்கு வரும் என்று சொல்லும்.

அந்த முதல் வெள்ளிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். தொழுதுவிட்டு நானும் அவனும் ஒன்றாகக் கடைக்கு வந்தால், ஃபர்ஹானா பிஸ்கட் டின்மேல் நிற்கிறாள். யாருக்கு நிற்கிறாய், உன் அத்தாதான் இதோ இருக்கிறாரே என்றேன்.

“இவரு இல்ல மாமா. எங்க அத்தா போன் பண்ணுவாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் முகம் செத்துப்போயிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் அவன் குரல், பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

“மச்சான், புள்ளகிட்ட குடு.”

பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். கொடுத்தேன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்திருக்கிறார், தாடி வைத்திருக்கிறார், ராத்திரி குறட்டை விடுகிறார், அம்மா அவருக்குத்தான் பெரிய மீனை வைக்கிறாள் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அத்தா எப்போது வருவீர்கள் என்றும் கேட்டாள். அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

அப்படி ஆரம்பித்தது அந்தக் கூத்து. வாரம் முழுக்க வீட்டில் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடப்பான். வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போய் வயிறு நிறையக் கேட்டுவிட்டு வருவான். இதென்ன பைத்தியக்காரத்தனம், நேரில் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடு என்று திட்டினேன். சொல்லி, அவள் போனையும் வேண்டாம் என்றுவிட்டால் எனக்கு எது மிஞ்சும் என்று கேட்டான். பொங்கலுக்கு அடுத்த வாரம் அவனுக்குத் திரும்ப டிக்கெட். அதற்குள் நேரில் ஒருதரம் அத்தா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அதை வைத்துக்கொண்டு அங்கே காலத்தை ஓட்டிவிடுவேன் என்றான்.

அந்த நேரத்தில்தான் அசோகன் வந்தான். உப்பு லாரிக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி, அஷ்ரப்போடு படித்தவன். எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி; பந்தை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். ஊரில் இருக்கிற ஒரே சரிவு, தலையில் உப்புக் கூடையோடு பெண்கள் லாரிமேல் ஏறிப்போகிற பலகைதான். கடல் வந்த பிறகு பிள்ளைகளை யாரும் கரைக்கு விடவில்லை. அதுகள் அந்தப் பலகையில் மரக் கார் விட்டு விளையாட ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் பெற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மழைக்கு அளத்தில் வேலையில்லாமல் சும்மா இருந்த கைகள்தானே. காணும் பொங்கலன்று பெரிய பந்தயம் வைக்கப்போவதாக அசோகன் சொன்னான். காரைப் பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் சேர்ந்து செய்ய வேண்டும். பெரியவர் லாரிமேலிருந்து விட வேண்டும், பிள்ளை கீழே சாக்கை விரித்து நின்று பிடிக்க வேண்டும். பிள்ளை பிடிக்காவிட்டால், கார் முதலில் வந்தாலும் கணக்கில் சேராது.

அஷ்ரப் அங்கேயே பெயர் கொடுத்துவிட்டான். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுரையாவை விட்டுச் சொல்லச் சொன்னான்.

கடைக்குப் பின்னால் வேலை நடந்தது. திரௌபதி என்று அளத்தில் உப்பு வாருகிற பெண், உடைந்துபோன தன் வாரு பலகையைக் கொடுத்தாள். உப்பிலேயே ஊறிய மரம், நல்ல கனம். அஷ்ரப் அதை இழைத்துக் கார் வடிவத்துக்குக் கொண்டுவந்தான். ஃபர்ஹானா எட்ட உட்கார்ந்து, அவன் தள்ளிவிடுகிற துண்டுகளை உப்புத்தாளால் தேய்ப்பாள். சுத்தி வேண்டும் என்றால் கையில் தரமாட்டாள், தரையில் வைத்து அவன் பக்கம் தள்ளுவாள். பூவரசங் கிளையை வட்டம் வட்டமாக அறுத்து அவன் சக்கரம் செய்தபோது மட்டும் கொஞ்சம் நெருங்கி வந்தாள். அவன் மூச்சைக்கூட மெல்ல விட்டான், கோழிக்குஞ்சு பிடிக்கப் போகிறவன் மாதிரி. நான் பருப்பு அளக்கிற சாக்கில் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நீள ஆணிகளின் தலையை வெட்டி அச்சாக்கிச் சக்கரங்களை மாட்டினான். பார்க்க ஜோராக இருந்தது. அங்கேதான் கோட்டை விட்டான். இத்தனை வருஷம் வெளியூர்க் காற்றில் இருந்தவனுக்கு நம்மூர்க் காற்று மறந்துபோயிற்று. இங்கே கதவுத் தாழ்ப்பாளிலிருந்து என் தராசுச் சங்கிலிவரை எதையும் துரு விடாது. அளத்து ஆட்கள் உருளுகிற இடத்தில் இரும்பைச் சேர்க்கவே மாட்டார்கள், மூங்கிலைத்தான் நம்புவார்கள். ஃபர்ஹானா அந்த ஆணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்ததும் முதல் விஷயமே அதுதான்.

“அத்தா, அந்த ஆளு காருக்கு இரும்பு ஆணி போட்டுட்டாரு. துரு புடிச்சு சுத்தாம நின்னுடும். மூங்கில்தான் போடணும். அவருக்குத் தெரியல.”

அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்று அவன் கேட்டிருக்க வேண்டும்.

“நான் அவருகிட்ட பேச மாட்டேன். அவரு திரும்பப் போயிடுவாருன்னு அம்மா சொன்னாங்க. நீங்கதான் எப்பவும் வருவீங்க.”

நான் எடைக்கல்லை எடுத்து வைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கண் கலங்கினதை ஐந்து வயதுப் பிள்ளை பார்த்துக் கேள்வி கேட்டால் என்ன சொல்வது.

மறுநாள் காலை, ஃபர்ஹானா தலை வாரிக்கொண்டு பின்பக்கம் போனாள். கார் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஆணிகள் போய், மெழுகு தேய்த்த மூங்கில் குச்சிகள் சக்கரங்களுக்கு நடுவே ஓடின. விரலால் சுழற்றிப் பார்த்தாள். நிற்காமல் சுழன்றது. அஷ்ரப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூங்கில் போடச் சொல்லி யாரு சொன்னாங்க?”

அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“நான் எங்க அத்தாகிட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றாள்.

“ஆமாம்மா. என்கிட்டதான் சொன்ன.”

அவள் நம்பவில்லை. குரலைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள், பிறகு இல்லை என்று தலையாட்டினாள். அவன் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை; ஆனாலும் கொஞ்ச நேரத்தில் என் கடை போன் அடித்தது. எடுத்தால் முதலில் அவன், “புள்ளகிட்ட குடுக்கறேன் மச்சான்” என்றான். வழக்கமாக நான் சொல்வதை அவன் சொல்கிறானே என்று யோசிப்பதற்குள் அவள் குரல் வந்தது.

“மாமா, அத்தா இங்கதான் இருக்காரு. பஸ் ஸ்டாண்டு பூத்துலதான் எப்பவும் இருந்திருக்காரு.”

திரும்பி வரும்போது அவன் தோள்மேல் உட்கார்ந்திருந்தாள். தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சுரையா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

அந்த வருஷம் பக்ரீத்தும் பொங்கலும் ஒரே வாரத்தில் வந்தன. காணும் பொங்கலன்று உப்பளத்து ஓரத்தில் இரண்டு பலகைகளை லாரியில் சாய்த்திருந்தார்கள். அஷ்ரப் லாரிமேல் நின்றான். கீழே ஃபர்ஹானா தன் உயரத்துக்கு ஒரு கோணிச் சாக்கை விரித்துப் பிடித்திருந்தாள். அசோகன் விசில் ஊதியும் அவன் விடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அத்தா, விடுங்க அத்தா” என்று அவள் கத்தினாள். அளம் முழுக்கக் கேட்டது.

விட்டான். நேர்க்கோட்டில் வந்து சாக்குக்குள் விழுந்தது. ஆனால் அதற்குள் பக்கத்துப் பலகையில் திரௌபதியும் அவள் மகன் மணிவண்ணனும் விட்ட கார் வந்து சேர்ந்துவிட்டது. தினம் அந்தப் பலகையில் ஏறி இறங்குகிறவளுக்கு அது எங்கே வளைகிறது என்று தெரியாதா. தோற்றும் ஊரிலேயே அதிகமாகச் சிரித்தவன் அஷ்ரப்தான். மீதி நாட்களில் அவள் அவன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. கார் அவள் கையை விட்டு இறங்கவில்லை. நான் செய்தேன் என்று காட்ட ஒன்று இருக்கிறது இப்போது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான்.

ஏர்போர்ட்டுக்கு வேன் விடியற்காலையில் வந்தது. அவளை எழுப்பாமல் போனான். எழுப்பினால் என்னால் போக முடியாது மச்சான் என்றான். அத்தா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சுரையா சொல்லிவைத்தாள். அவள் அழவில்லை. அதுவே எங்களுக்கு அதிசயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அசர் முடிந்து நான் உட்கார்ந்தேன். ஃபர்ஹானா டின்மேல் நிற்கவில்லை, கடை வாசலில் கார் விட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“அத்தா?” என்றாள். ஒரு நிமிஷம் கேட்டாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ரிசீவரைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அம்மாவைக் கூப்பிட ஓடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ரிசீவரை எடுத்தேன். பிள்ளை எங்கே, சத்தத்தையே காணோம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“பஸ் ஸ்டாண்டுக்கு ஓடறா” என்றேன். “உன்னக் கூட்டிட்டு வர்றதுக்கு.”

அவன் அவசரமாகச் சொன்னான்.

“யாரையாவது சீக்கிரம் அனுப்பு மச்சான். பூத்துல நான் இல்லன்னு அவ பாக்கறதுக்கு முன்னாடி.”