வாய்க்குள் வந்த கால்

எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், பரோட்டா மாஸ்டர் என்று சுற்றி, கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கீழ்த்தாடையில் கட்டி வந்தது. புற்று இல்லை. ஆனால் இடப்பக்க எலும்பைத் தின்றுவிட்டிருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, என் கால் எலும்பில் ஒரு துண்டைத் தோலோடும் ரத்தக்குழாயோடும் வெட்டி வந்து தாடையில் பொருத்தினார்கள். கழுத்து ரத்தம் அதற்குள் ஓடினால் பிழைக்கும். நின்றுவிட்டால் அழுகிவிடும், எடுத்துப்போட வேண்டியதுதான்.

தறியில் என்னோடு நிற்கும் கூட்டாளி பார்க்க வந்தான். கட்டுப்போட்ட காலைக் கண்டதும் நர்ஸிடம் பாய்ந்தான். கழுத்தில் குழாய் இருந்ததால் என்னால் பேச முடியவில்லை.

“ஏனுங்க அம்மணி, வாயில கட்டின்னுதான வந்தான்? காலை எதுக்குங்க அறுத்துப்போட்டீங்க?”

“கால் எலும்புதாங்கண்ணா இப்ப அவரு வாயில இருக்குது.”

என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப இனி இவன் வாயிலதான் நடப்பானுங்களா?”

சிரித்தால் தையல் இழுக்கும். வயிற்றால் மட்டும் சிரித்தேன், கட்டில் ஆடியது. “அவரைச் சிரிக்க வெக்காதீங்க,” என்ற நர்ஸ் தானும் சிரித்தபடி, பேனா போன்ற கருவியை என் கழுத்தில் வைத்தாள். குப், குப் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது.

“தறி நல்லாத்தான் ஓடுதுங்க,” என்றான் கூட்டாளி. அதன்பிறகு ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் அவன் கிளம்பியதில்லை.

அந்தத் துண்டு பிழைத்துக்கொண்டது. மறுபடி தறிக்குப் போனேன். சில மாதம் கழித்து, சோறு மெல்லும்போது நாக்கில் ஏதோ குத்தியது. கட்டி திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். கூட்டாளி செல்போன் லைட்டை வாய்க்குள் அடித்தான். வெகுநேரம் பார்த்தான்.

“மாப்ள, உள்ள மசுரு மொளைச்சிருக்குதுடா.”

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, “உள்ள வெச்சது கால் தோல்தானே, முடி வளரத்தான் செய்யும். உசுரோட நல்லா இருக்குதுன்னு அர்த்தம்,” என்றார்.

கூட்டாளி பவ்யமாகக் கேட்டான்: “சலூனுக்குக் கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?”

இந்தமுறை வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டர் கத்தரியை எடுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“இருக்கட்டுங்க, இன்னுங் கொஞ்சம் வளரட்டும்.”

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நாக்கால் அதைத் தடவிக்கொண்டே வந்தேன்.