கோணல் வெட்டு

மாசாணத்துக்கு வலது கண்ணில் புரை விழுந்திருப்பது அவர் மனைவி தெய்வாத்தாளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்பதில் மனுஷன் குறியாக இருந்தார். தொண்டாமுத்தூர் சாலையில் அவர் வேலை பார்த்த மரப்பட்டறையில் கண் மங்கியவர்களை விரட்ட மாட்டார்கள். உப்புத்தாளைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க அடுத்தவன் செய்த மரத்தைத் தேய்க்க வேண்டும். அதற்கு வீட்டிலேயே முடங்கிக் கிடக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அந்தத் தொண்ணூறுகளில் பட்டறைக்குக் காஷ்மீரத்து வால்நட் பலகை லாரியில் வந்து இறங்கும். அதை வெள்ளைக்காரன் வீட்டுப் பழங்காலச் சாமான் மாதிரி இழுப்பறைப் பெட்டியாக்கிக் கப்பலேற்றுவார்கள். ஆணி கூடாது, மெஷின் கூடாது. இழுப்பறையின் மூலைகளைப் புறாவின் வால் மாதிரி விரிந்த பற்களாகக் கை ரம்பத்தால் அறுத்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, காய்ச்சிய வச்சிரப் பசை தடவி இறுக்க வேண்டும். கோடு கிழிப்பதும் அறுப்பதும் மாசாணம்தான். தேக்கோ வால்நட்டோ, அவர் கோத்த மூலையில் ஒரு தாள் நுழைய இடம் இருந்ததில்லை. அதைப் பார்த்து ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. சரியாக இருக்கும் மூலையை யார் பார்க்கிறார்கள்?

கடைசியாக அனுப்பிய பெட்டியில் ரம்பம் கோடு தப்பிவிட்டது. மூலையில் ஒரு பல் தடித்தும் ஒரு பல் மெலிந்தும் சாய்ந்து நின்றன. மறுபடி அறுக்கக் கையில் தெம்பில்லை. இடுக்குகளில் மரத்தூளையும் வச்சிரத்தையும் குழைத்து அடைத்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. விடிந்தால் பட்டறைக்குப் போக வேண்டுமே என்ற நினைப்பே உடம்பை அடித்துப் போட்டது. முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிடும்படி தெய்வாத்தாள் கெஞ்சியும் அவர் சம்மதிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை முதலாளி மகன் மனோஜ்குமார் ஒரு போட்டோவோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அதில் அந்தக் கோணல் மூலை பெரிதாகத் தெரிந்தது. உப்புத்தாள் வந்துவிட்டது என்று மாசாணம் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

“ஏனுங்ண்ணா, இது நீங்க அறுத்ததுதானுங்களே?”

“ஆமாங்க தம்பி.”

வாங்கினவர்களுக்கு அந்த மூலைதான் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பழைய காலத்துக் கைவேலை இப்படித்தான் முன்னே பின்னே இருக்குமாம். இதற்கு முன் போனவை அளவு பிசகாமல் இருந்ததால், மெஷினில் அறுத்து ஏமாற்றுகிறீர்கள் என்று சண்டைக்கே வந்தார்களாம்.

“இனிமே எல்லாத்தையும் இப்பிடியே கோணலா அறுத்துப்போடுங்ண்ணா,” என்று சொல்லிவிட்டு அவன் சந்தோஷமாகப் போனான்.

பிழைப்புக்கு வந்த ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் மாசாணத்துக்கு அழுகைதான் வந்தது. சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தெய்வாத்தாள் ஆனைமலை மாசாணியம்மனை நினைத்துக் கும்பிடு போட்டாள். அவர் கால்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இத்தன வருசம் நேரா அறுத்ததெல்லாம் மெஷினு அறுத்ததாம் புள்ள,” என்றார். “கண்ணு போனதுக்கப்பறந்தான் நான் அறுத்தேன்னு நம்பறாங்க.”