புது டிவியும் என் கண்ணும்

எங்கள் வீட்டுக்கு எச்.டி. டிவி வந்த அன்று எனக்குக் கண் போய்விட்டது. ஒரு மாதம் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

டிவியை வாங்கி அனுப்பியது மகள். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கியது. அது வந்து எங்கள் முன்னறைச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது. மாட்ட வந்தவர், "ஏனுங்க, இதுக்குப் பழைய செட்டாப் பாக்ஸ் சரிப்படாதுங்க. எச்.டி. பாக்ஸா மாத்திக்கோங்க" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதன் வழியாக எங்கள் டிஷ்ஷுக்குச் சிக்னல் பிடிக்க முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பாக்ஸைத் தொட்டால் டிஷ்ஷையும் தொடுவார்கள். டிஷ்ஷைத் தொட்டால் மழைக்காலம் முழுக்கச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "அதை மட்டும் தொடாதீங்க சாமி" என்றேன். அவரும் பழைய சிவப்பு, மஞ்சள், வெள்ளை வயர்களையே சொருகிவிட்டுப் போனார்.

சாயங்காலம் போட்டோம். செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது. பழைய டிவியில்கூட இதைவிட நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மனைவி, "அப்பப்பா, என்ன தெளிவு!" என்றாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், எஸ்டேட் லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலி பிடித்திருந்தார். "கண்ணாடியாட்டம் இருக்குது மாப்ளே. அந்தப் பொண்ணு நம்ம ஊட்டுக்குள்ளயே வந்து ஒக்காந்திருக்குது" என்றார்.

இரண்டு பேருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் எஸ்டேட்டில் தேயிலை லாரி ஓட்டுகிறவன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன், வேறு தொழில் தெரியாது. அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. டாக்டர் கண்ணைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஹெவி வண்டியில் ஏற முடியும். போடாவிட்டால்?

அன்றிலிருந்து எனக்கு நானே பரீட்சை வைத்தேன். ஃபேக்டரி மேட்டில் லாரியை நிறுத்தி எதிர்ச்சரிவைப் பார்ப்பேன். தேயிலைக்குள் மேயும் காட்டெருமையின் காலில் உள்ள வெள்ளை தெரியும். பின்னால் நிற்கிற கன்றும் தெரியும். புத்தியுள்ளவன் அத்தோடு நிம்மதியாகியிருப்பான். நான், காட்டெருமை பெரிசுதானே, அது யாருக்குத்தான் தெரியாது என்று சொல்லிக்கொண்டு லாரியைக் கிளப்புவேன்.

வீட்டில் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். "ஏம்புள்ள, செய்தி வாசிக்கிற பொண்ணு போட்டிருக்குதே, அந்தத் தோடு கல்லா, முத்தா?"

"முத்துங்க" என்றாள் மனைவி, யோசிக்காமல்.

"நல்லாப் பாரு, கல்லு" என்றார் மச்சான்.

"முத்துங்ணா."

"மின்னுதே, தெரியலையா உனக்கு?"

செய்தி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. எனக்கோ காதே தெரியவில்லை.

மகள் போனில் கேட்கும்போதெல்லாம், "சொல்லி முடியாது கண்ணு, அவ்வளவு தெளிவு" என்பாள் மனைவி. நான் பக்கத்தில் உட்கார்ந்து, லாரியை விட்டால் எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேலையாவது தருவார்களா, அதற்கும் கண் வேண்டுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மகள் லீவில் வந்தாள். தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை. டிவியைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, இவ்வளவு கலங்கலா இருக்குது? இதையா பாக்கறீங்க?"

"உனக்கும் கலங்கலாத் தெரியுதா கண்ணு?" என்றேன்.

"யாரு பாத்தாலும் கலங்கலாத்தான் தெரியும்." டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பழைய பாக்ஸேதான் இருக்குது! இதை மாத்த வேண்டாம்னு சொன்னது யாரு?"

இரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. அதற்குப் பிறகுதான் உண்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சுன்னு இருந்தனுங்க" என்றாள் மனைவி. "புள்ள ஆசையா வாங்கிக் குடுத்திருக்கறா. அதுல போயிக் குத்தம் சொல்லுவாங்களா?"

"நான் கண்ணாடியை மாத்தோணும்னு நெனச்சேன்" என்றார் மச்சான்.

"அப்புறம் எதைப் பாத்துங்ணா கல்லுன்னீங்க?"

"நீ எதைப் பாத்து முத்துன்னே?"

ஒரு மாதமாக மூன்று பேரும் ஆளுக்கொரு குருட்டை மடியில் மறைத்துக்கொண்டு அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

திங்கட்கிழமை புது பாக்ஸ் வந்தது. கொண்டு வந்தவர் டிஷ் இருக்கும் பக்கம்கூடப் போகவில்லை. வயர் ஒன்றே ஒன்று, கால் மணி நேர வேலை. படம் வந்ததும் மூன்று பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம். மச்சான்தான் முதலில் சொன்னார்: "அந்தப் பொண்ணு தோடே போடலையே!"

அந்த வாரமே குன்னூரில் டாக்டரிடம் போனேன். துணைக்கு மச்சானும் வந்தார். இங்கிலீஷ் எழுத்தை நான் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் பார்த்துக் கற்றவன். அட்டையில் இருந்ததைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். "நல்லா இருக்குது" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"சார், இன்னொரு தடவை பாத்துருங்களேன்."

"எதுக்குங்க?"

"இல்லைங்க, இடது கண்ணை மூடிட்டு வாசிச்சப்ப அந்தக் கடைசி எழுத்து கொஞ்சம்..."

"நீங்க கையெழுத்தைப் போடுங்க டாக்டர்" என்றார் மச்சான். "இவரு கண்ணுல ஒண்ணுமில்ல. மத்ததுக்கு மருந்து உங்ககிட்ட இல்ல."

டாக்டர் சிரித்துக்கொண்டே போட்டார். வெளியே வரும்வரை அந்தச் சர்டிபிகேட்டை மச்சான் என் கையில் தரவில்லை. தந்தால் நான் திரும்பவும் உள்ளே போய்விடுவேனாம்.