பாழுங்கிணற்றுப் பிசின்

விசாரிக்க வந்த அதிகாரியிடமும் இதைச் சொன்னேன். பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். அதன் பிறகு நான் சொன்னதும் நடந்ததுதான்.

இரவு வேலைக்குப் பயந்து நான் நின்றுவிட்டிருந்த நேரம். அண்ணன்தான் தன் சென்ட் தயாரிக்கும் கூடத்தில் சேர்த்துக்கொண்டான். "பகல்ல பேய் வராதுடா, தைரியமா வா" என்று கிண்டல் வேறு.

பழைய வணிகப் பாதை ஒன்றின் வாசனையைப் புட்டியில் அடைக்கப் பார்த்தான் அவன். ஒட்டகத் தோல், புகை, உப்பு, மிளகு. அந்தப் பாதையிலேயே போய்வந்தவன், அங்கே ஒரு பாழுங்கிணற்றுக்குள் கிடந்த ஜாடியிலிருந்து கறுத்த பிசினைச் சுரண்டி எடுத்து வந்திருந்தான். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் மாலை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் கூடத்துக்குப் பூட்டுதான்.

மதியம் 2.10. பிசினை இரண்டு கிராம் நிறுத்து சென்ட் கலவையில் கலந்தேன். அண்ணன் காகிதச் சீட்டை அதில் நனைத்து மோந்தான். நேரம் குறிப்பது என் வேலை.

2.25. மூக்கு களைத்தால் நாங்கள் சொந்த முழங்கை மடிப்பை மோந்துகொள்வோம். நம் உடம்பு வாசனைதான் மூக்குக்கு ஓய்வு. அண்ணனும் மோந்தான். முகம் மாறியது.

"இது என் கை இல்லடா."

"போதும்ணே. வா, வெளிய போலாம்."

"அஞ்சு மணிக்கு ஆள் வருது. தண்ணி குடு."

கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். மறுபடி கேட்டான். மறுபடியும்... உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. காலையில் அப்படி இல்லை.

2.50. கயிறு உரசும் சத்தம். பிறகு 'டங்'. காலி வாளி கல்லில் மோதுவது போல...

அறையில் ஜன்னல்கூடக் கிடையாது.

3.05. தண்ணீர் கேனில் பாதி தீர்ந்திருந்தது. இந்த முறை டம்ளர் அவன் வாய்க்குப் போகவில்லை. யாருமில்லாத பக்கம் நீட்டினான். சாய்த்தான்.

தரை நனையவில்லை.

"அண்ணே... யாருக்கு?"

"வரிசையா நிக்கிறாங்கல்ல? வழிய மறைக்காத, தள்ளு."

தள்ளி நின்றேன். இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். தள்ளி நின்றேன்.

3.20. டங்.

என் முதுகுக்குப் பின்னால்...

சொரசொரவென்று ஒரு கை என்னை விலக்கியது.

ஓடினேன்.

3.31க்குக் காவலாளியோடு திரும்பினேன். கேன் காலி. அண்ணன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். மூச்சு இல்லை.

இரண்டு நாள் கழித்து, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன யாராவது அடைச்சு வெச்சிருந்தாங்களா?"

"இல்லையே. ஏன் டாக்டர்?"

"நாலு நாளா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலையே தம்பி."