சுருங்கிய ரப்பர் வளையம்

என் மேசை இழுப்பறையில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்த்தாலே ஒரகடத்து எஞ்சின் சோதனைக் கூடத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த மேடம்தான் நினைவுக்கு வருவார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். ஆச்சரியம் வந்தால் படித்த இங்கிலீஷ் பறந்துபோய் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

ராணுவ லாரிகளுக்காக, நிலக்கரியிலிருந்து செய்த டீசல் எங்களிடம் சோதனைக்கு வந்தது. கப்பலில் வரும் எண்ணெயையே எத்தனை நாள் நம்புவது என்பது மேலிடத்தின் கவலை. மேடத்தின் கவலை வேறு. அவருடைய தம்பி லடாக்கில் ராணுவ லாரி ஓட்டினான். குளிரில் டீசல் மெழுகாகி வண்டி நின்றுவிடுமாம். டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டித்தான் கிளப்ப வேண்டுமாம். இந்த டீசலோ உறைபெட்டியிலும் உறையாமல் தண்ணீர் போலவே இருந்தது. மேடம் குடுவையை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இது, நெறமும் இல்ல, நாத்தமும் இல்ல! கரியிலருந்து வந்துச்சுன்னா எவன் நம்புவான்?"

புது எஞ்சின் ஒரு குறையுமின்றி ஓடியது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். மேடத்துக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. "என் தம்பி ஓட்றது புது வண்டியா இன்னா? ஒரு கெழட்டு எஞ்சினக் கொண்டாங்க." சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்று எனக்கு எரிச்சல்தான்.

பழைய எஞ்சின் வந்தது. புது டீசல் ஊற்றி ஓட்டியதும் டீசல் பம்ப்பின் அடியில் ஈரம் கசிந்தது, பிறகு சொட்டவே ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால், கசியாமல் இடுக்கை அடைக்க வேண்டிய இந்த வளையம். வருஷக்கணக்கில் சாதா டீசலில் ஊறி உப்பிய ரப்பர், புது டீசலில் உப்பல் வடிந்து சுருங்கியிருந்தது. கொதிக்கிற எஞ்சின் மேல் டீசல் சொட்டினால் வண்டியே பற்றிக்கொள்ளும்.

அந்த டீசல் அவரைவிட யாருக்கு அதிகம் வேண்டியிருந்தது? ஆனால், வளையங்களை மாற்றாமல் பழைய வண்டிகளுக்குத் தரவே கூடாது என்று நிறுத்தியவரும் அவர்தான். பிறகு தம்பிக்குப் போன் போட்டார். "புது டீசலு இந்தக் குளிருக்கு வராதுடா. நெருப்பு மூட்டும்போது பாத்துக்கோ." வைத்துவிட்டு எங்கள் எதிரிலேயே அழுதார்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் மேடத்தையும் அவர் தம்பியையும் பார்த்தேன். தம்பி லீவில் வந்திருந்தான். "வளையமெல்லாம் மாத்திட்டாங்களா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லண்ணா. பழைய டீசல்தான் ஓடிக்கினு கீது," என்று கை கொடுத்தான். புறங்கை முழுக்கத் தீத்தழும்பு.

நான் பார்ப்பதை மேடம் கவனித்துவிட்டார். "ஒரு வண்டிக்கு வளையம் மாத்த எவ்ளோ நேரம்யா ஆவும்?"

"அரை ஷிப்டு போதும் மேடம்."

அவர் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். வளையம் அங்கேயே கிடந்தது.