தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொல்லப் போன மாமா

என் மாமா சின்னப்பன் மைசூர் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறார். ஆனால் அவர் ஏறி இறங்குவது படிக்கட்டில்தான். லிஃப்ட் நடுவில் நின்றால் சரி பண்ண வருகிற ஆளே நான்தான், நானே உள்ளே மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்பார். இதற்குப் பதில் யோசிக்கப் போனால் நமக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் யோசிப்பதில்லை.

வீட்டில் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் இன்னும் மோசம். பாதியில் மனசு எங்கேயோ ஓடிவிட்டதாம், சொன்னது செல்லாதாம், மறுபடி முதலிலிருந்து. அடுப்பில் கறிக்குழம்பு ஆறிப்போகும். அவருக்கு அக்காவான என் அம்மா மூடின கண்ணைத் திறக்காமலே, "தம்பி, மாதாவுக்கும் வேற வேலை இருக்கும்டா" என்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் கரண்ட் மெயினை இறக்கிவிட்டேன். இருட்டில் சொன்ன மணி கணக்கில் வருமா என்று கேட்டார் மனுஷன்.

இப்பேர்ப்பட்டவருக்கு முப்பத்தாறு வயசில் கல்யாணம் கூடிவந்தது. பெண் பேர் ரூபா, கௌதள்ளிப் பக்கம், அங்கன்வாடி டீச்சர். அவள் போன் வந்தால் மாமா மொட்டைமாடிக்கு ஓடுவார். படிக்கட்டில்தான்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பூசையில் பேர் சொல்லி அறிவிப்பதுதான் ஓலை. ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கிறாளா, ரத்த சொந்தமா, அந்த மாதிரி விஷயத்துக்கு. யாரும் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பேர் வந்ததும் எல்லோரும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் ஓலை வாசித்த அன்று மாமா சிரிக்கவில்லை. மத்தியானம் பிரியாணிக்கும் வரவில்லை. நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மாவுக்கு ரூபாவின் போன் வந்தது.

"அண்ணி, உங்க தம்பி ஏதோ தடை இருக்கு, சாமிகிட்டச் சொல்லப் போறேன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டார். சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் வரணும். வரலைன்னா எங்க ஊர் சாமிகிட்ட நானே ஓலையை நிறுத்தச் சொல்லிடுவேன்."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "அஷ்வினி, ஓடு. அந்த லூசைக் கூட்டிட்டு வா."

பஸ் பிடித்து ஓடினேன். சாமியார் வீட்டு வாசலில் புதிதாக வந்த உதவிச் சாமியார் பனியனோடு பைக் துடைத்துக்கொண்டிருந்தார். மாமாவைவிட வயசில் சின்னவர். மாமா அவர் முன்னால் கைகட்டி நின்றிருந்தார்.

"தடை தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்தானே சாமி?"

"சரி, என்ன தடை? இன்னொரு சம்சாரம் இருக்கா?"

"ஐயோ, இல்ல சாமி. அவளை நல்லா வச்சுப்பேனான்னு எனக்கு உறுதியாத் தெரியல."

"அதுக்குப் பேரு தடை இல்ல. மாப்பிள்ளை."

மாமா விடவில்லை. எங்கள் தாத்தா நாற்பத்தொரு வயசில் நெஞ்சுவலியில் போனவர். தனக்கும் அப்படி ஆனால் ரூபா என்ன ஆவாள், பிள்ளைகள் எங்கே படிக்கும், அதில் கடைக்குட்டியை யார் பார்ப்பது என்று ஆரம்பித்தார். இன்னும் பிறக்காத பிள்ளைகளை அவர் வரிசையாக அனாதையாக்கி முடித்தபோது சாமியார் துணியை பைக் மேல் எறிந்தார்.

"அந்தப் பொண்ணு வேணுமா, வேண்டாமா?"

மாமா தரையைப் பார்த்தார். "வேணும் சாமி. ரொம்ப. அதான் பயமா இருக்கு."

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். பைக் தூசியாக இருக்கும்.

சாமியார் குரலும் இறங்கியது. "பரலோக மந்திரத்துல எத்தனை நாளுக்குச் சாப்பாடு கேக்கறீங்க?"

"'எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்'... இன்னிக்கு மட்டும்."

"அப்போ நாப்பத்தொன்னாவது வயசுச் சாப்பாட்டை இப்பவே ஏன் கேட்டு நிக்கறீங்க? உள்ள போய் அந்த மந்திரத்தை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. மனசு எங்க ஓடினாலும் திரும்பச் சொல்லக் கூடாது. நாம அரைகுறையாச் சொல்றதை முழுசா எடுத்துக்கறது ஆண்டவர் பாடு."

"பாதியில மறந்துட்டா?"

"ஆமென் சொல்லிட்டு எந்திரிங்க."

"ஆமென் மனசோட சொல்லலைன்னா?"

சாமியார் என்னைப் பார்த்தார். "இவரோட எப்படிம்மா ஒரே வீட்ல இருக்கீங்க?"

"பழகிப்போச்சு ஃபாதர்."

கோயிலில் யாரும் இல்லை. மாமா முழங்காலில் நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். உதடு அசைந்துகொண்டே வந்து பாதியில் நின்றது. போச்சு, மனசு கிளம்பிவிட்டது. திரும்பச் சிலுவை போட்டு ஆரம்பிக்கக் கை நெற்றிவரை போனது. கோயில் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

கை அங்கேயே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

"ஆண்டவரே, பாதியில விட்டுட்டேன்," என்றார் பீடத்தைப் பார்த்து, சத்தமாகவே. "தெரிஞ்சேதான் விடறேன். மீதியை நீங்க பாத்துக்குங்க. ஆமென்."

 எழுந்தும்விட்டார்.

வாசற்படியில் நின்று ரூபாவுக்கு போன் போட்டார். காதில் வைத்தால் மூளைக்குக் கெடுதல் என்று எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"ரூபா, சாமிகிட்டப் பேசிட்டேன். தடை எதுவும் இல்லையாம்."

"அது எனக்குத் தெரியும். உங்க பதில் என்ன? நிச்சயமா கட்டிக்கறீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன்.

"அடுத்த வருஷம் என்ன ஆகும்னு எனக்கு எதுவும் நிச்சயமாத் தெரியல ரூபா. இன்னிக்கு எனக்கு நீ வேணும். தைரியமா வர்றேன்."

 அந்தப் பக்கம் ரூபா மூக்கை உறிஞ்சினாள். "ம். சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல போய்ச் சாப்பிடுங்க."

போனை வைத்த கையோடு மாமா நெற்றியைச் சுருக்கினார். "கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிட்டேனோ? மறுபடி ஒரு தடவை கூப்பிட்டு விளக்கமா..."

போனைப் பிடுங்கி என் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் போனைத் திருப்பிக் கேட்கவில்லை.