கழுவிய குடுவை

கரிம வேதியியலின் இரண்டாம் பருவப் பாடத்தை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோட்டை விட்டேன். மறுபடியும் விட்டால் துறையிலிருந்தே அனுப்பிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அதை அம்மாவிடம் காட்டாமல் பையின் அடியில் மடித்து வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்தேன். நூலகத்தில் ஒரு பக்கம் படித்தால் இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போவேன்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஜோடியாக வந்தவள் செர்டாங்காரி; செர்டாங் ஊர்க்காரி என்பதால் அந்தப் பெயர், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவாள். அவள் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். என்னைவிட ஒரு வயது சின்னவள். நிதானத்தில் மட்டும் பத்து வயது மூத்தவள். நான் கொட்டுவேன், அவள் துடைப்பாள்.

அந்த வியாழக்கிழமை மக்னீசியம் வினை. ஈதரில் மக்னீசியச் சீவல்களைப் போட்டு, புரோமோபென்சீனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வினை தொடங்கிவிட்டால் அடுப்பே இல்லாமல் ஈதர் தானாகக் கொதிக்கும். ஆனால் கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் எல்லாம் பாழ். அதற்காகவே குடுவையை முதல் நாளே சூட்டடுப்பில் வைத்துக் காய வைத்திருந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஈதர் எடுக்கப் போனாள். ஆறிப்போன குடுவை என் முன்னால் இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத என் கை அதை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் ஒரு அலசு அலசி, உதறி, கவிழ்த்தது.

கவிழ்த்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் அலசாத பாத்திரத்தில் எதையும் ஊற்றுவதில்லை. அலமாரியில் பளபளவென்று இருந்தாலும் சரி, எடுத்தால் ஒரு அலசு. இருபது வருடப் பழக்கம் ஒரு நொடியில் என் காலை வாரிவிட்டது. டிஸ்யூவைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றி உள்ளே துடைத்தேன். பார்க்கக் காய்ந்தது போலத்தான் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

வினை தொடங்கவே இல்லை. வினையைத் தூண்ட ஒரு சிட்டிகை அயோடின் போட்டோம், உள்ளங்கையால் சூடேற்றினோம். மற்ற மேசைகளில் எல்லாம் கொதித்தது. எங்கள் மக்னீசியம் மட்டும் அசையாமல் கிடந்தது. நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். அவள் கண் கலங்கி, ஈதர் புட்டியை மூட மறந்துவிட்டதாகவும் ஈரக்காற்று அதில் இறங்கியிருக்கும் என்றும் சொன்னாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

விரிவுரையாளர் கோபப்படவில்லை. அடுத்த வியாழன் மறுபடி செய்யலாம் என்றார். ஆனால் எதனால் கெட்டது என்று திங்கட்கிழமைக்குள் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும். தவறு யாருடையதோ அவருக்கு மதிப்பெண் குறையும். எனக்கோ குறைப்பதற்கு மதிப்பெண்ணே இல்லை.

சனிக்கிழமை எங்கள் ஊரான சுங்கை லாலாங்குக்குப் பஸ் ஏறினேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்திருந்த அம்மா, எனக்குத் தேநீர் ஊற்றத் தம்ளரை எடுத்தார். வழக்கம்போலக் குழாயைத் திறந்தார். கழுவாதே என்று கத்திவிட்டேன். அம்மா திகைத்துப்போனார். பிறகு கடிதத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "கழுவாம எப்படிடி ஊத்துறது? பல்லி கில்லி ஓடியிருந்தா?" என்றார்.

அவரைப் பொறுத்தவரை தப்பு பல்கலைக்கழகத்தின் மேல்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஞாயிறு மதியம் செர்டாங்காரியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "ரிப்போர்ட் அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுன்னே போட்டுட்டேன். நீ ரிப்பீட் லா, உனக்கு மார்க் போகக்கூடாது. நீயும் அப்படியே எழுதிடு."

அதைப் படித்தபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் நிறுத்தம் வரை போவதும் திரும்புவதுமாக நாலு நடை நடந்தேன். தப்பிக்க வழி கைப்பேசியிலேயே இருந்தது. அதுதான் என்னை வதைத்தது. அவள் என்னைக் கேட்டிருந்தால், திட்டியிருந்தால், ஒருவேளை பொய்யையே பிடித்துக்கொண்டிருப்பேன்.

மாலை பஸ்ஸிலேயே, எழுத்துக் கோணல்மாணலாகப் போக, குடுவையைக் கழுவியது நான் என்று எழுதினேன். விடுதிக்குப் போனதும் முதலில் அவளிடம் சொன்னேன்.

"மூணு நாளா அழுதேன். அன்னைக்கு லேப்ல நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்றாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. திங்கட்கிழமை விரிவுரையாளர் என் பக்கத்தை வாங்கிக்கொண்டு, அவள் அனுப்பியதைத் திருப்பி அனுப்பினார். மதிப்பெண்ணை எனக்குக் குறைத்தார். கடைசியில் அந்தப் பாடத்தில் நான் மயிரிழையில்தான் தேறினேன்.

மறுபடி செய்ய வேண்டிய வியாழக்கிழமை அவளே குடுவையை எடுத்து வந்தாள். என் பக்கம் அதை வைக்கவே இல்லை. தாங்கியில் மாட்டினாள், மக்னீசியம் போட்டாள், ஈதர் ஊற்றினாள், புரோமோபென்சீன் விட்டாள், அயோடின் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கால் பரபரத்தது. அப்போது அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் குடுவையின் அடியில் வைத்து, அசையக்கூடாது என்று சைகை காட்டினாள்.

வைத்தேன். ஜன்னல் பக்கம் போகவில்லை. என் கை வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்ததில்லை. அயோடினின் பழுப்பு மெல்ல வெளுத்தது. ஈதர் கலங்கியது. சீவலிலிருந்து ஒரு குமிழி ஏறியது, பின்னாலேயே இன்னொன்று. உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினாள்.

எல்லாம் முடிந்தபின் அழுக்குக் கண்ணாடிகளை ஒன்று விடாமல் தட்டில் அடுக்கி, என் முன்னால் தள்ளினாள்.

"இப்ப கழுவு லா," என்றாள். "ஆசை தீரக் கழுவு."